திருகோணமலைக்கு வேலைக்கு வந்தால் எங்கே சாப்பிடுவது? பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடையைப் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடைக்குப் பெயர் கிடையாது. பலகை இல்லை, மெனு இல்லை, கூகுள் மேப்பில் தேடினாலும் வராது. மத்திய வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரியும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் முன் விறாந்தையில் நாலு மேசை போட்டிருப்பார்கள். அதுதான் கடை. அந்தப் பக்கத்தில் யாரிடமாவது "அக்கா கடை" என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள். காலையில் இடியப்பம், பிட்டு. மதியத்துக்குச் சோற்றுப் பார்சல். சாயங்காலம் ஆறரைக்கு மேல் மறுபடி இடியப்பம், தோசை, ரொட்டி. ஒன்பது மணிக்கு அடைத்துவிடுவார்கள்.

இதை நான் எழுதுவது தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வருகிறவர்களுக்காக. சுற்றுலா வருகிறவர்களுக்கு உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலைப் பார்த்த ஓட்டல்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுத ஆளும் நிறைய. சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தொட்டி, மாவு ஆலை, சிமெண்ட் ஆலை என்று ஏதோ ஒரு வேலையாக வந்து மாதக்கணக்கில் தங்குகிறவனுக்கு மூன்று வேளைக்கு வழி சொல்லத்தான் ஆள் இல்லை. நான் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர். இதற்கு முன்னால் சார்ஜாவில் இருந்தேன்.

சார்ஜாவைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அங்கே போய் இறங்கினால் இது வேறு நாடு என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். வெயில், எழுத்து, கட்டிடம், எல்லாம் வேறு. மனசு தயாராகிவிடும். அப்புறம் தெருவுக்குத் தெரு நம் ஆட்களின் மெஸ், மலையாளிகளின் மெஸ். சாப்பாட்டுக்காகக் கவலைப்பட்டதே இல்லை.

திருகோணமலையில் நிலைமை தலைகீழ். கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம், இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். கடைப்பலகைகளில் தமிழ். ஆட்டோக்காரர் தமிழில் பேரம் பேசுகிறார். கோணேசர் கோயிலுக்குப் போனால் சம்பந்தர் பாடிய தலம் என்று தேவாரம் காதில் விழுகிறது. நம்ம ஊர்தானே என்று தளர்ந்து உட்கார்ந்துவிடுவோம். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வரும். நம் சார்ஜரின் உருண்டைப் பின் சுவரில் நுழையாது, புதுக் கட்டிடங்களில் எல்லாம் சதுரப் பின் வைத்த பதின்மூன்று ஆம்ப் பிளக். ஆபீசில் மின்னஞ்சல் ஆங்கிலத்தில் வரும், கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கிப் பாதியில் சிங்களத்துக்கு மாறும். விசா வேலை என்றால் ராத்திரி ரயில் ஏறி கொழும்புக்குப் போய், அங்கிருந்து குடிவரவு அலுவலகம் இருக்கும் பத்தரமுல்லைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போயா விடுமுறை. சென்னை ஆபீசுக்கு இது கடைசி வரை மண்டையில் ஏறாது, "செவ்வாய்க்கிழமை ஏன் ஒருத்தரும் போன் எடுக்கலை?" என்பார்கள். இதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும். நாக்குதான் பழக மாட்டேன் என்கும்.

டவுனில் இந்தியச் சாப்பாடு என்று எழுதிப் போட்ட ஓட்டல்கள் உண்டு. எங்கள் ஆட்கள் புதிதாக வந்தால் நேரே அங்கேதான் ஓடுவார்கள். ஓரிடத்தில் சாம்பார் வரும், துவரம்பருப்பு இருக்காது. இங்கே வீட்டிலும் கடையிலும் அன்றாடம் புழங்குவது சிவப்பு மைசூர்ப் பருப்புதான், அதில்தான் சாம்பாரும் வைப்பார்கள். கெட்ட சாப்பாடு என்று சொல்ல மாட்டேன். வீட்டுச் சாம்பாரை ஞாபகப்படுத்துகிற அளவுக்கு மட்டும் அது சாம்பார். சாப்பிட்டுக் கை கழுவியதும் வீட்டுக்கு போன் போடத் தோன்றும். எங்களோடு வந்த ஒரு பையன் தினமும் அங்கேயே சாப்பிட்டு, தினமும் ஊரை நினைத்துப் புலம்பி, தை பிறக்குமுன் வேலையை விட்டுவிட்டுப் போனான். அவன் போனதற்குச் சாம்பார்தான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனாலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அக்கா கடையில் அந்தத் தொந்தரவு இல்லை. அவர் யாருக்காகவும் எதையும் மாற்றுவதில்லை. இங்குள்ளவர்கள் சாப்பிடுவதைச் சமைக்கிறார், நாமும் உட்கார்ந்து சாப்பிடலாம். ஊர்ச் சாப்பாட்டோடு ஒப்பிட அதில் ஒன்றுமே இருக்காது, அதுதான் வசதி. இடியப்பத்தில் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் தூவிச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, சிவப்பரிசி மாவில் பிழிந்த இடியப்பத்தின்மேல் சொதியை, அதாவது காரமில்லாத தேங்காய்ப்பால் குழம்பை, ஊற்றி, பக்கத்தில் சம்பலும் மீன் குழம்பும் வைத்தபோது இது வேறு பலகாரம் என்றே பட்டது. வேறு பலகாரமாகவே ருசித்தது.

முதல் நாள் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டது: "தம்பி இந்தியாவோ? உறைப்பைக் குறைச்சு வைக்கட்டே?"

விருதுநகர்க்காரனிடம் காரத்தைக் குறைக்கட்டுமா என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "வேண்டாம் அக்கா, எல்லாருக்கும் வைப்பது போலவே வையுங்கள்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனார். சொதி மட்டும் இல்லையென்றால் அன்றைக்கு எழுந்திருக்கவே மாட்டேன். நம் காரம் நாக்கின் நுனியில் ஏறும். இவர்களுடையது வறுத்து அரைத்த தூளின் காரம், நிதானமாகத் தொண்டைக்குள் இறங்கி அங்கேயே குடியிருக்கும். தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும் அதை மூடிவைத்திருப்பதால் முதல் கவளத்தில் தெரியாது.

இனி மதியப் பார்சல். இந்தக் கடையைப் பரிந்துரைப்பதற்கு அதுதான் முதல் காரணம்.

காலை ஏழு மணிக்குள் பார்சல் கட்டிவிடுவார், சீனக்குடாப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு முன்னால் வாங்கிவிடலாம். கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தாளை விரித்து, ஒரு கிண்ணத்தில் சோற்றை அமுக்கிக் கவிழ்ப்பார். ஒரு பக்கம் பருப்பு, எதிர்ப்பக்கம் கத்தரிக்காய்ப் பிரட்டலோ பீட்ரூட்டோ. இடையில் பச்சையாக ஒரு சுண்டல், வல்லாரையோ பொன்னாங்காணியோ, பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டுக் கிளறியது. பொரித்த மீன் சோற்றின் உச்சியில். குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றவே மாட்டார். சின்னப் பையில் ஊற்றி, வாயை முறுக்கி, ஒரே சுழற்றலில் முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சை மனிதர் யாரும் அவிழ்த்ததில்லை, மூலையைப் பல்லால் கடித்துத்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும். அப்பளத்தைத் தனித்தாளில் சுற்றி மேலே வைப்பார், மதியம் வரை மொறுமொறுப்பாக இருக்கும் என்ற நம்பிக்கையில். இருக்காது.

தாளைப் பற்றி ஒரு குறை. சோறு கட்டும் பாலிதீன் தாளுக்கு இலங்கையில் 2017 செப்டம்பரிலிருந்து தடை, மட்கும் வகைக்கு மட்டும் அனுமதி. எது எந்த வகை என்று காலை ஏழு மணிக்கு ஒருவரும் விசாரிப்பதில்லை. நான் எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டேன், அக்கா முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். ஆனால் உண்மையைச் சொன்னால் தாளில் கட்டிய சோறுதான் ருசி. எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து நாலைந்து மணி நேரம் வெதுவெதுப்பில் ஊறுவது அடுக்கு டிபனில் நடக்காது. முனகிக்கொண்டே டிபனில் நிற்கிறேன்.

மீன் கடல் கொடுப்பதைப் பொறுத்தது. சூரை அடிக்கடி, பாரை அவ்வப்போது, நாம் வஞ்சிரம் என்கிற அறக்குளா எப்போதாவது. கணவாய் வந்தால் வாசலிலேயே பேச்சு கிளம்பிவிடும். கார்த்திகை, மார்கழியில் மழையும் காற்றுமாகக் கடல் பொங்கிப் படகுகள் போகாமல் நின்றுவிடும். அப்போது கருவாடு, முட்டை, கந்தளாய்க் குளத்துத் திலாப்பியா. அந்த இரண்டு மாதமும் கடையின் தரம் ஒரு படி இறங்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துத் திருகோணமலையே ஒரு படி இறங்கித்தான் இருக்கும், துணி காயாது, கரண்ட் போகும்.

விலை, நான் எழுதும் இந்த நேரத்தில் மரக்கறிச் சாப்பாடு 300 ரூபாய், மீன் சாப்பாடு 450. ஒரு இந்திய ரூபாய் கிட்டத்தட்ட மூன்றரை இலங்கை ரூபாய் என்று போட்டுக்கொண்டால் நம் பணத்தில் 85, 130 வரும். வந்த புதிதில் எல்லாரும் ஒவ்வொன்றையும் இப்படி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பிளேன்டீ ஐம்பது ரூபாயா என்று அதிர்ந்து, மனசுக்குள் வகுத்துப் பார்த்து, அப்புறம்தான் குடிப்பார்கள். சம்பளம் இங்கத்து ரூபாயில் வர ஆரம்பித்த பிறகு அந்த வகுத்தல் தானாக நின்றுவிடும்.

பார்சலின் இன்னொரு பலனை நான் எதிர்பார்க்கவில்லை. ஆபீசில் எல்லாரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்), கந்தளாயிலிருந்து வருகிற ஒரு சிங்கள இன்ஜினியர், டவுன் ஆட்கள் இரண்டு மூன்று பேர். கூட்டத்தில் சிங்களத்துக்கு மாறினால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பவன். இந்தியன் ஓட்டல் பொட்டலத்தைப் பிரித்த நாட்களில் யாரும் என் பக்கம் திரும்பியதில்லை. அக்கா கடைப் பார்சலைப் பிரித்த அன்றைக்கு டவுன்காரர் ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது கடற்கரைப் பக்கத்துச் சாப்பாடெல்லே, உங்களுக்கு ஆர் காட்டினது?" என்றார். பேச்சு அங்கே தொடங்கியது. கிண்ணியா நானா கோழி, மாட்டிறைச்சியெல்லாம் ஹலால் பார்த்துத்தான் சாப்பிடுவார், மீன் என்றால் தயங்காமல் என் துண்டில் பாதியை எடுத்துக்கொள்வார். பதிலுக்கு அவர் வீட்டுச் சட்டித் தயிர் வரும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை படகில் கடந்து டவுனுக்கு வந்த கதையெல்லாம் அந்தத் தயிரோடுதான் கேட்டேன். அந்தப் பக்கத்து எருமைத் தயிர் கத்தியால் வெட்டலாம் போல் இருக்கும். இவர்கள் அதில் கித்துள் பாணி ஊற்றி இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். நான் உப்புப் போட்டுச் சோற்றில் பிசைவதைக் கந்தளாய்க்காரர் இன்றைக்கும் ஏதோ மருந்து சாப்பிடுகிறவனைப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறார். அவரிடமிருந்து கொஞ்சம் சிங்களமும் ஒட்டிக்கொண்டது, உப்பு, மிளகாய், போதும், இன்னும் கொஞ்சம். இதை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. ஆனால் கூட்டத்துக்கு அப்புறம் "அவர் என்ன சொன்னார்?" என்று கூச்சமில்லாமல் கேட்க ஓர் ஆள் கிடைத்தார்.

சரி, குறைகள்.

பில் கிடையாது. வெளிநாட்டு வேலைக்கு வந்தவனுக்கு இது பெரிய விஷயம். எங்கள் கம்பெனியில் சாப்பாட்டுப் படிக்கு பில் வைக்க வேண்டும். அக்காவிடம் கேட்டால் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, "மீன் சாப்பாடு" என்று எழுதி, கூட்டுத்தொகை போட்டு, கையெழுத்தும் போட்டுத் தந்தார். சென்னை ஆபீஸ் கடையின் முத்திரை கேட்டது. பெயரே இல்லாத கடைக்கு முத்திரைக்கு எங்கே போவது? அப்புறம் ஜிஎஸ்டி எண் கேட்டது. இலங்கையில் ஜிஎஸ்டி கிடையாது, வாட்தான், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம், விறாந்தைக் கடையெல்லாம் அந்தப் பதிவுக்குள் வராது என்று நான் எழுதிய விளக்கம், கணக்குப் பிரிவுக்காரன் இன்னொரு கணக்குப் பிரிவுக்காரனுக்கு எழுதியது, இரண்டு பக்கம் ஓடியது. கடைசியில் பில் கேட்காமல் மாதத்துக்கு இவ்வளவு என்று படியை நிர்ணயித்தார்கள். நீங்கள் வருவதாக இருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வந்த பிறகு கேட்டால் என்னைப் போல் கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

காசு ரொக்கமாகத்தான். நம் யுபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையிலும் வேலை செய்கிறது என்று போனை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். அதற்குக் கடையில் கியூஆர் அட்டை இருக்க வேண்டும், இங்கே இருப்பது ஒரு டப்பா. மாதக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் யாராவது தெரிந்தவர் உங்களைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்த வேண்டும். கொப்பியில் உங்கள் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டால் அப்புறம் கவலையில்லை. ஒரு பைசா கூட்டி எழுத மாட்டார். நான் என் பக்கத்தில் தனியாகக் குறித்துவைத்துச் சரி பார்ப்பேன், தொழில் புத்தி, இதுவரை வித்தியாசம் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை சைவம். கோயில் திருவிழாக் காலங்களில் கடையைச் சொல்லாமல் அடைத்துவிடுவார்கள். கதவில் ஒரு துண்டுத் தாளாவது ஒட்டலாம், பல தடவை சொல்லிவிட்டேன். "எல்லாருக்கும் தெரியும்தானே தம்பி" என்பார். எல்லாருக்கும் என்பதில் நான் சேர்த்தியா இல்லையா என்று அவரிடம் கேட்டதில்லை. அப்படிப்பட்ட காலையில் பேக்கரியில் மீன் பணிஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

சுத்த சைவக்காரர்கள் கொஞ்சம் கவனம். சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போடுவார்கள், சில நாள் மரக்கறியிலும் இருக்கும். இங்குள்ளவர்களுக்கு மாசி என்பது மீன் கணக்கிலேயே வராது, உப்பு, புளி மாதிரி ஒரு சேர்மானம். "மரக்கறிதானே?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். "மாசி போட்டிருக்கோ?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும். வெள்ளிக்கிழமை மட்டும் பயமில்லாமல் சாப்பிடலாம்.

காபி என்ற ஒன்றை மறந்துவிடுங்கள். கேட்டால் தருவார்கள், நான் சொல்வது கேட்காதீர்கள் என்று. பால் டீ மாப்பாலில், அதாவது பால் பவுடரில், போடுவது, திகட்டும். பிளேன்டீயில் இஞ்சி தட்டிப் போடச் சொன்னால் சாயங்காலத்துக்கு அருமை. ஃபில்டர் இல்லாமல் முடியாது என்கிறவர்கள் ஊரிலிருந்து பொடியும் ஃபில்டரும் கொண்டுவந்து அறையில் போட்டுக்கொள்வது நல்லது, நான் அதைத்தான் செய்கிறேன்.

மின்விசிறி ஒன்றுதான், அதுவும் பணப்பெட்டிப் பக்கம் திரும்பியிருக்கும். வைகாசி, ஆனியில் காய்ந்த கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் ராத்திரிகூட விறாந்தை அனல். வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விடுவதே மேல்.

போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயம். மதியப் பார்சல் வேண்டுமென்றால் முதல் நாள் ராத்திரி ஒன்பதுக்குள் சொல்லிவிட வேண்டும், காலையில் போய்க் கேட்டால் சிரிப்பார். சோறு வழக்கமாகச் சிவப்பரிசி, வயிறு கனக்கிறது என்றால் வெள்ளைச் சோறும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள், அதை மாற்ற எதிர்க்கடைக்கு ஓட வேண்டியவர் நீங்கள்தான். ராத்திரி எட்டரைக்கு மேல் போனால் இடியப்பம் தீர்ந்து தோசைதான் மிஞ்சியிருக்கும். கோதுமை மாவும் உளுந்தும் கலந்து, மஞ்சள் நிறத்தில் தாளிப்போடு வரும் தோசை. அதையும் நம் தோசையோடு ஒப்பிடாமல், சம்பலோடு சூடாகச் சாப்பிட்டுவிடுங்கள். கணவாய் வந்த நாள் என்றால் ஏழு மணிக்கே போங்கள், அப்புறம் போனால் குழம்புதான் கிடைக்கும்.